‘இண்டிக்னிட்டி’க்கு ‘அவமானம்’ போதுமா? ஓர் அகராதிச் செயலியைப் பற்றி

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியை நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில் என்பதால், ஒரு நாளில் முப்பது நாற்பது சொற்களையாவது அதில் தேடிப் பார்ப்பேன். அந்தச் செயலியின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் எடுத்துக்காட்டப்போகும் குறை அதற்கு மட்டும் உரியதன்று, இதே வகையில் நான் பயன்படுத்திப் பார்த்த வேறு சில செயலிகளிலும் அது அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓர் அகராதியை எடைபோடலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மேசைக்கும் மழைக்கும் எந்த அகராதியும் சரியாகவே பொருள் சொல்லிவிடும். ஓர் அகராதிக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது, ஒரு மனிதரை இன்னொருவர் நடத்தும் விதத்தைக் குறிக்கும் சொற்களுக்கு வரும்போதுதான் தெரிகிறது. ‘இண்டிக்னிட்டி’ (indignity) அப்படிப்பட்ட ஆங்கிலச் சொல்.

அந்தச் சொல்லின்மேல் எனக்குக் கவனம் விழுந்தது ஒரு கடிதத்தால். முதிய பெண்மணி ஒருவர் தாம் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு ஆங்கிலத்தில் எழுதிய முறையீடு அது; ஆங்கிலம் அறியாத அவருடைய உடன்பிறந்தவர்கள் படிப்பதற்காகத் தமிழில் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். ஸ்கேன் எடுக்கும் அறைக்குக் கொண்டுபோவதற்காக அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, முதுகுப்புறம் நாடாவால் கட்டும் மருத்துவமனை அங்கியோடு, லிஃப்ட் வாசலில் நாற்பது நிமிடம் நிறுத்தியிருக்கிறார்கள். போர்வை நழுவிவிட்டது. ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் அதை இழுத்து மூடிக்கொள்ள அவரால் இயலவில்லை. ஊழியர்கள் இருவர் ஸ்ட்ரெச்சரின் இரு பக்கமும் நின்று, அவருக்கு மேலாகவே, அடுத்த வாரம் யாருக்கு இரவுப்பணி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். போவோர் வருவோர் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். கடுஞ்சொல் ஒன்றுகூட யாரும் சொல்லவில்லை. இவ்வளவையும் நிதானமாக விவரித்துவிட்டு, இறுதியில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: தம்மை யாரும் ‘இன்சல்ட்’ செய்ததாகத் தாம் முறையிடவில்லை, தாம் முறையிடுவது ‘இண்டிக்னிட்டி’யைப் பற்றி.

செயலியைத் திறந்து ‘இண்டிக்னிட்டி’ என்று தேடினேன். ‘பெயர்ச்சொல்’ என்ற குறிப்புக்குக் கீழே ‘அவமானம், அவமதிப்பு, இழிவு, நிந்தை’ என்று நான்கு சொற்கள் வந்தன. பிறகு ‘இன்சல்ட்’ தேடினேன். அதே நான்கு சொற்கள், வரிசை மட்டும் சற்றே மாறி, ‘அவமானம்’ முதலிலேயே நின்றது. ‘ஹியூமிலியேஷன்’, ‘டிஸ்கிரேஸ்’, ‘டிஸ்ஆனர்’ என ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போனேன். எல்லாக் கதவுகளும் ஒரே அறைக்குள் திறந்தன. இந்தச் செயலியை மட்டும் நம்பி அந்தப் பெண்மணியின் வாக்கியத்தை மொழிபெயர்த்தால், “என்னை அவமானப்படுத்தியதாக நான் முறையிடவில்லை, நான் முறையிடுவது எனக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றி” என்றுதான் வரும். எழுதியவரின் தெளிவு முழுவதும் அழிந்து, தாம் என்ன சொல்கிறோம் என்று அறியாத ஒருவரின் வாக்கியமாக அது மாறிவிடுகிறது. நாற்பது நிமிடம் அப்படிக் கிடந்த ஒருவருக்கு மொழிபெயர்ப்பிலும் அந்த நிலை நேரக் கூடாது என்று அன்று எனக்குப் பட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

‘இண்டிக்னிட்டி’யின் வேர் லத்தீன். ‘டிக்னுஸ்’ என்றால் தகுதியுள்ள, தக்க என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் ‘டிக்னிட்டி’. முன்னால் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்தால் தகாத என்றாகிறது. ஒருவருக்குத் தகாத விதத்தில், அவருடைய மதிப்புக்கு ஒவ்வாத முறையில் அவரை நடத்துவதே இச்சொல்லின் அடிப்பொருள். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இது வழங்கி வருகிறது. தமிழில் ‘தகவு’, ‘தகுதி’, ‘தகாத’ என்று இதே வேர்ப்பொருளில் ஒரு குடும்பமே இருக்கும்போது, செயலி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய செய்தித்தாள் தமிழில் ‘தகாத’ என்ற சொல் ‘தகாத வார்த்தை’, ‘தகாத உறவு’ என்ற இரண்டு தொடர்களுக்குள் ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. ‘தகாத முறையில் நடத்தினார்கள்’ என்று எழுதினால் படிப்பவர் மனம் வேறொரு குற்றத்தை நோக்கிப் போய்விடும். ஆகவே வேர்ப்பொருளுக்கு மிக அருகில் இருக்கும் அந்தச் சொல்லைக் கடிதத்தில் என்னால் பயன்படுத்த முடியவில்லை. ஆனால் ஓர் அகராதி இதை ஒரு வரியில் விளக்கியிருக்கலாம்.

மற்ற சொற்களின் வேர்களைப் பார்த்தாலும் அவை ஒன்றல்ல என்பது தெரியும். ‘இன்சல்ட்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு மேலே பாய்தல் என்று பொருள். பாய்வதற்கு ஓர் ஆள் வேண்டும். இன்சல்ட் என்றால் அதைச் செய்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும், பெரும்பாலும் அது சொல்லாலோ சைகையாலோ நடக்கும். ‘ஹியூமிலியேஷன்’ தாழ்ந்த என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் இருப்பது நிலத்தைக் குறிக்கும் சொல். ஒருவர் தம் பார்வையிலும் பிறர் பார்வையிலும் தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டதாக உணர்வதை அது குறிக்கிறது. தமிழில் இதற்குத் ‘தலைகுனிவு’ என்ற அருமையான சொல் இருக்கிறது, கண்கள் தரையைப் பார்க்கும் அதே காட்சியோடு. ‘டிகிரேட்’ என்பதில் இருப்பது படி. ஒரு படியிலிருந்து கீழே இறக்குவது அது. ‘இழிவு’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கில இணை இல்லை. இழிதல் என்றாலே இறங்குதல்தான். ‘தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை’ என்ற குறளில் (964) முடி தலையிலிருந்து இறங்குகிறது, மனிதர் நிலையிலிருந்து இறங்குகிறார். 1948இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 5ஆம் உறுப்பு, சித்திரவதையோடு சேர்த்து ‘டிகிரேடிங்’ நடத்துகையையும் தடைசெய்கிறது. அங்கே ‘இழிவான நடத்துகை’ என்பது துல்லியமாகப் பொருந்தும். இந்தச் செயலியோ ‘டிகிரேட்’ என்பதற்குத் ‘தரம் குறை’ என்று மட்டும் தருகிறது. மண்ணுக்கும் ஒளிப்படத்துக்கும் அது போதும்.

‘அவமானம்’ ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். தமிழில் இச்சொல் பெரும்பாலும் பட்டவர் மனத்துக்குள் நடப்பதைக் குறிக்கிறது. ‘எனக்கு அவமானமாகிவிட்டது’, ‘அவமானத்தால் கூனிக் குறுகினான்’, ‘அவமானத்தில் வெளியே தலைகாட்டவில்லை’ என்றெல்லாம் சொல்கிறோம். ‘உனக்கு அவமானமாக இல்லையா’ என்று தவறு செய்தவரைக் கேட்கிறோம். அதாவது, பட்டவர்மீது ஒரு கறை ஒட்டிக்கொண்டது போன்ற தொனி அந்தச் சொல்லில் எப்போதும் உண்டு. தாம் செய்த பிழைக்கும் அது வரும், பிறர் செய்த கொடுமைக்கும் அது வரும். ‘இண்டிக்னிட்டி’யில் அந்தக் கறை பட்டவர்மீது விழுவதில்லை. அவர் மதிப்பு குறையவில்லை. அந்த மதிப்புக்கு ஒவ்வாதது ஒன்று அவருக்கு நடந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெண்மணி தமக்கு வெட்கமாக இருந்ததா என்பதைக் கடிதத்தில் எங்குமே எழுதவில்லை. தம்மை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் எழுதியிருந்தார். ‘அவமானம்’ என்று மொழிபெயர்த்தால் மருத்துவமனையின் நடத்தையைப் பற்றிய முறையீடு, அவர் மன வேதனையைப் பற்றிய விவரமாகச் சுருங்கிவிடும்.

இந்த வேறுபாட்டில் ஐயம் இருப்பவர்களுக்குக் கனடாவின் குற்றவியல் சட்டத்தை எடுத்துக்காட்டுவேன். அதன் 182ஆம் பிரிவு, இறந்தவரின் உடலுக்கு ‘இண்டிக்னிட்டி’ செய்வதைக் குற்றமாக்கி, 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. இறந்தவர் வெட்கப்படுவதில்லை, தலைகுனிவதில்லை, அழுவதில்லை. உணர்வு என்பதே அங்கே இல்லை. இருந்தும் அந்தச் சொல் அங்கே முழுப் பொருளோடு நிற்கிறது, ஏனென்றால் அது நடத்தும் செயலில் இருக்கிறது, பட்டவரின் உணர்வில் இல்லை. செயலி தரும் நான்கு சொற்களை ஒவ்வொன்றாக அந்தப் பிரிவில் வைத்துப் பார்த்தேன். ‘உடலுக்கு அவமானம் செய்தல்’ தமிழாகவே இல்லை. ‘நிந்தை’ சொல்லால் செய்வது. ‘இழிவு’ கொஞ்சம் நெருங்கிவருகிறது. ‘அவமதிப்பு’ ஒருவாறு நிற்கிறது. அந்த ‘அவமதிப்பு’ செயலியின் வரிசையில் இரண்டாவதாக இருக்கிறது. அவசரத்தில் தேடுபவர்கள் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் பல முறை அப்படிச் செய்திருக்கிறேன். அச்சு அகராதியில் ஒரு பத்தி முழுவதையும் கண் ஒரே வீச்சில் வாங்கிக்கொள்ளும். கைப்பேசித் திரையில் முதல் சொல்லே பெரிய எழுத்தில் தெரிகிறது, மற்றவை அதன் கீழே மங்கிய சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. ஆகவே வரிசை என்பது இங்கே சிறிய விஷயமே அன்று.

இன்னொரு குறை இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்சல்ட் போல, இண்டிக்னிட்டிக்கு எப்போதும் எதிரே ஓர் ஆள் தேவையில்லை. முதுமையின் இண்டிக்னிட்டிகள், நோயின் இண்டிக்னிட்டிகள் என்று ஆங்கிலத்தில் மிக இயல்பாகச் சொல்வார்கள். தானாக எழுந்து உட்கார முடியாமை, சட்டைப் பொத்தானைப் பிறர் போட்டுவிட வேண்டியிருத்தல், வாயோரம் வழிவதைத் துடைக்கக் கை எழாமை போன்றவற்றில் யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. அன்போடு பணிவிடை செய்யும் மகளின் கையிலும் அது நேர்கிறது. தமிழில் இதற்குப் ‘படு’ என்றும் ‘படுத்து’ என்றும் இரண்டு துணைவினைகள் கைவசம் இருக்கின்றன; சிறுமைப்படுதலும் சிறுமைப்படுத்தலும் வேறு வேறு. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாக அணைத்துக்கொண்டு நிற்கிறது. செயலியோ, இந்த இரண்டாவது பயனை அறவே விட்டுவிட்டது.

வியப்பு என்னவென்றால், தமிழ் இலக்கணம் இந்த இடத்தை மிகப் பழங்காலத்திலேயே தொட்டிருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்லும்போது ‘இளிவரல்’ என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்களாக ‘மூப்பே பிணியே வருத்தம் மென்மையொடு’ என்று நான்கைக் காட்டுகிறது. முதுமை, நோய், வருத்தம், மென்மை. இந்த மென்மையை உரைகாரர்கள் வறுமை என்று கொள்வார்கள். ஆங்கிலேயர் ‘முதுமையின் இண்டிக்னிட்டிகள்’ என்று சொல்லும்போது மனத்தில் என்ன இருக்கிறதோ அதே பட்டியல் இது. அதற்கு முந்தைய நூற்பாவில், அழுகை பிறக்கும் இடங்களைச் சொல்லும்போது ‘இளிவே’ என்றுதான் அந்த நூல் தொடங்குகிறது. அங்கே அது பிறரால் இகழப்படுதலைக் குறிக்கிறது. ஆளில்லாமல் வரும் சிறுமைக்கும் ஆளால் வரும் சிறுமைக்கும் ஒரே அடிச்சொல் அங்கே உதவியிருக்கிறது. ‘இளிவரின் வாழாத மானம் உடையார்’ என்று குறளிலும் (970) அது வருகிறது. இன்று ‘இளிவு’ என்று எழுதினால் பல்லை இளிப்பது என்று எண்ணுவோரே பெரும்பாலோர். அதனால் இச்சொல்லை அப்படியே செய்தித்தாளில் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அகராதி என்பது சொல்லின் வழக்கு நிலையைக் குறித்துக்காட்டும் கருவி. ‘இலக்கிய வழக்கு’ என்ற குறிப்போடு இதைச் சேர்த்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

புறநானூற்றின் 74ஆம் பாட்டையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை தண்ணீர் கேட்டான், கேட்டபோது கிடைக்கவில்லை. பின்னர் வந்த நீரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், இந்தப் பாட்டைச் சொல்லி உயிர்விட்டான் என்று அதன் அடிக்குறிப்பு கூறுகிறது. சங்கிலியால் கட்டிய நாயைப் போல வைத்திருந்தார்கள் என்று பாட்டுக்குள்ளேயே அவன் சொல்கிறான். அவனை யாரேனும் ஏசியதாகப் பாட்டில் இல்லை. தண்ணீர் தாமதமாக வந்தது. ‘இண்டிக்னிட்டி’ என்ற சொல்லை மாணவர்களுக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்ததில்லை.

செயலி தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு வருவோம். இச்சொல்லுக்கு இரண்டு தந்திருக்கிறார்கள். முதலாவதன் தமிழ் வடிவம் ‘அவன் அவமானத்தை அனுபவித்தான்’ என்பது. இதில் ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்தில் பசி, தோல்வி, குளிர் என்று எதை வைத்தாலும் வாக்கியம் நிற்கும். அப்படி எதை வைத்தாலும் நிற்கும் வாக்கியம் அந்தச் சொல்லைக் கற்றுத்தராது. இரண்டாவது வாக்கியமும் அதே வகைதான். ஆங்கிலத்தில் இச்சொல் அடிக்கடி வரும் இடம், ‘இன்னது செய்ய வேண்டியிருந்த இண்டிக்னிட்டி’ என்ற அமைப்பு. அதற்குப் பின்னால் ஒரு செயல் வந்து நிற்கும், அந்தச் செயலே சொல்லை விளக்கிவிடும். தமிழில் இதைப் பெயரெச்சத்தால் அழகாகச் சொல்லலாம்: “கழிப்பறைக்குப் போவதற்கும் ஒவ்வொரு முறை கை தூக்கி அனுமதி கேட்க வேண்டிய சிறுமை.” இப்படி ஒரு வாக்கியம் இருந்தால், சொல்லின் பொருளும் தெரியும், அதன் இலக்கணமும் தெரியும், எந்தத் தமிழ் அமைப்பில் அதைப் பெயர்க்கலாம் என்பதும் கூடவே தெரியும்.

பன்மையைப் பற்றியும் செயலி ஒன்றும் சொல்லவில்லை. இச்சொல் ஒருமையில் பொதுப்பண்பாகவும் வரும், பன்மையில் எண்ணக்கூடிய நிகழ்ச்சிகளாகவும் வரும். பன்மையில் வரும்போது, ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறியவை, சேர்ந்து அழுத்துபவை என்ற தொனி வந்துவிடுகிறது. அன்றாடச் சிறுமைகள், அடுக்கடுக்கான சிறுமைகள் என்பது போல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மணமுறிவுச் சட்டத்தில், வாழ்க்கையைத் தாங்க முடியாததாக்கும் ‘இண்டிக்னிட்டிகள்’ மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்று. அங்கே நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பது ஒற்றை நிகழ்ச்சியை அன்று, தொடர்ந்து வரும் நடத்தையை. அந்தப் பன்மை விகுதிக்குள் ஒரு மணவாழ்க்கையின் பல ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. தமிழில் ‘அவமானங்கள்’ என்றால் இந்தப் பொருள் ஓரளவு கிடைக்கிறது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறேன். பன்மையில் அவமானம் உணர்விலிருந்து நிகழ்ச்சிக்கு நகர்ந்துவிடுகிறது. ‘வாழ்நாளெல்லாம் பட்ட அவமானங்கள்’ என்பது நல்ல தமிழ். இப்படி ஒரு நுணுக்கத்தையும் செயலி பதிவு செய்திருக்கலாம்.

‘இண்டிக்னேஷன்’ என்ற சொல்லோடு இதற்குள்ள உறவும் காட்டப்படவில்லை. இரண்டும் ஒரே வேர். தகாத நடத்தையைக் கண்டு எழும் சினம் அது. தனக்கு நேர்ந்தாலும் பிறருக்கு நேர்ந்தாலும் எழும். தமிழில் ‘அறச்சீற்றம்’ என்று கச்சிதமாகச் சொல்லிவிடலாம். செயலி ‘கோபம், ஆத்திரம்’ என்று தருகிறது. ஆத்திரம் வண்டி கிடைக்காதவனுக்கும் வரும். மாறாக, ‘இண்டிக்னிட்டி’ என்று தட்டச்சு செய்யும்போது, தொடர்புடையவை என்ற தலைப்பில் ‘இண்டிஜெண்ட்’, ‘இண்டிஜினஸ்’ என்ற இரண்டும் எட்டிப்பார்க்கின்றன. முதலாவது வறியவரையும் மற்றது ஒரு மண்ணுக்கே உரியதையும் குறிக்கும். வேரால் இவற்றுக்கும் ‘இண்டிக்னிட்டி’க்கும் எந்த உறவும் இல்லை, எழுத்து வரிசையில் பக்கத்தில் இருப்பதைப் பொருளில் தொடர்புடையது என்று காட்டுவது மாணவர்களைத் தவறான வழியில் அனுப்பும்.

நல்லவற்றையும் சொல்ல வேண்டும், அவையும் குறைவில்லை. இணைய இணைப்பு இல்லாமலே செயலி இயங்குகிறது, தேடல் மிக விரைவு, எழுத்துப்பிழையோடு தேடினாலும் சரியான சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. உச்சரிப்புப் பகுதி மிகச் சிறப்பு. ‘இண்டிக்னிட்டி’யில் அழுத்தம் இரண்டாம் அசையில், ‘டிக்’ என்ற இடத்தில் விழ வேண்டும். நம்மில் பலர் முதல் அசையை அழுத்திச் சொல்கிறோம். செயலியில் ஒலிக்கும் குரல் அதைத் தெளிவாகவும் நிதானமாகவும் சொல்லிக்காட்டுகிறது, வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். அறிவியல், கணினிச் சொற்களுக்கு நான் இந்தச் செயலியைத்தான் முதலில் நாடுவேன், இனியும் நாடுவேன். விளம்பரங்கள் பொருளுக்கும் எடுத்துக்காட்டுக்கும் நடுவில் வருவது கண்ணை உறுத்துகிறது. இலவசச் செயலியில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

திருத்தம் அனுப்புவதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதும் பாராட்டுக்குரியது. மேலே சொன்னவற்றைச் சுருக்கி எழுதி, ‘சிறுமை’, ‘கண்ணியக் குறைவான நடத்துகை’ என்ற இரண்டையும் முதலில் வைக்கும்படி கேட்டு அனுப்பினேன். மூன்றாம் நாளே நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது. நான்கு மாதங்கள் கழித்து வந்த புதுப்பிப்பில் ‘கண்ணியக் குறைவு’ ஐந்தாவது சொல்லாகச் சேர்ந்திருந்தது. ‘அவமானம்’ தன் முதல் இடத்திலேயே இருந்தது. சேர்த்ததற்கு மகிழ்கிறேன், ஆனால் அந்த இடத்தில் அது யார் கண்ணிலும் படாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தேடினால் நிலைமை இன்னும் கவலைக்குரியது: ‘சிறுமை’ என்று தேடுபவருக்குச் சிறிய தன்மை, சின்ன உருவம் என்ற பொருள்களே கிடைக்கின்றன. ‘சிறுமைப்படுத்து’ என்ற வினை பதிவிலேயே இல்லை. மனிதரை ‘கிள்ளுக்கீரையாக நினைப்பது’, ‘துரும்பாக மதிப்பது’, ‘ஆளாகவே மதிக்காமல் நடத்துவது’ என்று நாம் தினமும் பேசும் தொடர்களில் ஒன்றுகூட இல்லை. ‘இண்டிக்னிட்டி’க்கு உயிருள்ள தமிழ் உண்மையில் இந்தத் தொடர்களில்தான் இருக்கிறது, ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று தேடிக்கொண்டிருக்கும் வரை அது கைக்கு வராது. பள்ளி மாணவருக்கும், அலுவலகக் கடிதம் எழுதுபவருக்கும் இந்தச் செயலியைத் தயங்காமல் சொல்வேன். முறையீடு, வாக்குமூலம், மருத்துவ, சட்ட ஆவணங்கள் போன்றவற்றை மொழிபெயர்ப்பவர்கள், மனித உறவைக் குறிக்கும் சொற்களுக்கு மட்டுமாவது, இதன் முதல் விடையை ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஐந்துக்கு மூன்று விண்மீன்கள் கொடுத்திருக்கிறேன்.

கடிதத்தில் அந்த வாக்கியத்தை நான் கடைசியில் எப்படி எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “என்னை யாரும் இழிவாகப் பேசியதாக நான் முறையிடவில்லை, ஒரு மனுஷியாக மதிக்காமல் என்னை அங்கே படுக்கவைத்திருந்த சிறுமையைப் பற்றித்தான் முறையிடுகிறேன்” என்று எழுதி அனுப்பினேன். அன்று மாலை அந்தப் பெண்மணியின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். வாக்கியத்தை எனக்கு ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு, “எல்லாம் சரியாக இருக்கிறது, ‘படுக்கவைத்திருந்த’ என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள், அக்கா எங்களிடம் சொன்னபோது ‘போட்டுவைத்திருந்தார்கள்’ என்றுதான் சொன்னாள்” என்றார். அப்படியே மாற்றினேன்.